பாதியில் நிற்கும் முதல் மஃப்ளரை முடிப்பது எப்படி?

என் முதல் மஃப்ளர் 36 கண்ணியில், அதாவது ஊசிமேல் வரிசையாக நிற்கும் 36 நூல் வளையங்களில், தொடங்கியது. 70 சென்டிமீட்டர் பின்னியபின் எண்ணிப் பார்த்தபோது ஊசியில் 43 கண்ணிகள் இருந்தன. அடிப்பகுதி அட்டைபோல் விறைத்திருந்தது, மேற்பகுதி தொளதொளவென்று இருந்தது, நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டைகள் விழுந்திருந்தன. அதை ஒரு துணிப்பைக்குள் வைத்துக் கட்டி ஐந்து மாதங்கள் திறக்காமலே இருந்தேன். பிறகு ஒரு மழைக்கால விடுமுறையில் எடுத்து, அந்தக் குறைகளோடேயே முடித்தேன். முடிப்பதற்கு ஆன மூன்று வாரங்களில் என் கை கற்றுக்கொண்டது, தொடக்கத்தில் தட்டுத்தடுமாறிய மூன்று மாதங்களில் கற்றதைவிட அதிகம்.

அதற்குக் காரணம் எளிமையானது. நிட்டிங்கில் கடைசி வரிசை பிரியாதபடி கண்ணிகளை அடைப்பது, நூல்முனைகளை உள்ளே செருகுவது, நனைத்து வடிவம் கொடுப்பது ஆகிய மூன்று வேலைகளும் கடைசியில்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் பாதியில் பிரித்துவிட்டு மறுபடி கண்ணி ஏற்றுபவர், ஐந்து மஃப்ளர் தொடங்கியிருந்தாலும் இந்த மூன்றையும் ஒருமுறைகூடச் செய்து பார்த்திருக்க மாட்டார். ஆகவே, உங்கள் முதல் துணி கோணலாகவே இருந்தாலும் அதைப் பிரிக்காமல் முடியுங்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. எப்படி முடிப்பது என்பதே இதன் மீதிப் பகுதி.

புதியவர்கள் வழக்கமாகத் தொடங்கும் கார்ட்டர் பின்னல் மஃப்ளரையே எடுத்துக்கொள்கிறேன். இரு பக்கமும் எல்லா வரிசையும் நிட் என்ற அடிப்படைக் கண்ணி மட்டுமே பின்னுவது கார்ட்டர் பின்னல். நடுத்தரத் தடிப்புள்ள உல்லன் நூல், 4 மில்லிமீட்டர் ஊசி, 36 கண்ணி, ஒன்றரை மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 600 வரிசைகள், அதாவது 21,600 கண்ணிகள் பின்ன வேண்டியிருக்கும். இத்தனை ஆயிரம் கண்ணிகளில் சில நூறு பிசகுவது கை பழகும் வழியில் நடப்பதுதான்.

முதலில் ஒரு பனியனைப் பாருங்கள்

குறைகளைத் திருத்தப் புகுமுன், பின்னல் துணி எப்படி நிற்கிறது என்பதைக் கண்ணால் அறிந்துகொள்வது நல்லது. அதற்குப் புத்தகம் வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய பனியன் ஒன்று போதும். திருப்பூரில் செய்யப்படும் ஆடைகளைப் பின்னலாடை என்று நாம் காரணத்தோடுதான் சொல்கிறோம். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் எந்திரத்தை உருவாக்கிய காலத்திலிருந்து, கை ஊசி செய்த அதே வேலையைத்தான் எந்திரம் வேகமாகச் செய்துவருகிறது. பனியன் துணியை வெளிச்சத்தில் நன்றாக இழுத்துப் பிடித்து, முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 'வி' வடிவங்கள் தெரியும்; உள்பக்கத்தில் குறுக்குவாட்டில் சிறு மேடுகள் தெரியும். 'வி' தெரியும் பக்கம் நிட், மேடு தெரியும் பக்கம் பர்ல். ஒரே கண்ணிக்கு முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு முகங்கள் அவை.

பனியனில் ஓர் இழை அறுந்தால் ஓட்டை ஏன் ஏணிபோல் நீண்டுகொண்டே போகிறது என்பதும் இப்போது விளங்கும். ஒவ்வொரு கண்ணியும் தனக்கு மேலுள்ள கண்ணியால் பிடித்து நிறுத்தப்படுகிறது. மேலே உள்ளது விட்டுவிட்டால் கீழே உள்ளதும் விட்டுவிடும். நெய்த துணியில் இப்படி நடக்காது. பின்னலின் குறைகளில் எது ஆபத்தானது, எது பார்வைக்கு மட்டுமே உறுத்துவது என்று பிரித்தறிவதற்கு இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும் கையில் எடுக்கும்போது

பையிலிருந்து எடுத்த துணியை உடனே பின்னத் தொடங்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் மேசைமேல் விரித்து, ஊசியில் இருக்கும் கண்ணிகளை இரண்டு முறை எண்ணுங்கள். தொடக்க விளிம்பின் அகலத்தையும், இப்போதுள்ள அகலத்தையும், மொத்த நீளத்தையும் இன்ச் டேப்பால் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு துணியை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். மேசைமேல் தெரியாத ஓட்டைகள் வெளிச்சத்தில் தெரியும். ஒவ்வோர் ஓட்டையிலும் ஓர் ஊக்கைக் குத்தி அடையாளம் வையுங்கள். ஊக்கு குத்தும்போது அங்கே நழுவிக் கிடக்கும் கண்ணி ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்துப் பிடித்துவிடுங்கள், அது மேலும் இறங்காது.

வரிசையின் நடுவில் நிறுத்தியிருந்தால் ஒரு சிக்கல் உண்டு. எந்தத் திசையில் தொடர்வது என்று தெரியாமல், வந்த வழியே திரும்பிப் பின்னிவிடுபவர்கள் பலர். அதனால் ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை கூடி, திரும்பிய இடத்தில் ஓட்டை விழும். உருண்டையோடு இணைந்த நூல் எந்த ஊசியிலிருந்து தொங்குகிறதோ அந்த ஊசி வலக்கையில் இருக்க வேண்டும் என்பதே விதி. (இடக்கையால் பின்னுபவர்கள் இதை மாற்றிக்கொள்ள வேண்டும்.) இனிமேல் எப்போது எடுத்து வைத்தாலும் ஒரு வரிசையை முழுதாக முடித்துவிட்டு வைப்பது நல்லது.

ஊசியின் அளவையும் சரிபார்த்துவிடுங்கள், குறிப்பாக இடையில் அந்த ஊசியை வேறு வேலைக்கு எடுத்திருந்தால். நம் கடைகளில் விற்கும் ஊசிகளில் பழைய பிரிட்டிஷ் எண்முறை இன்னும் வழக்கில் இருக்கிறது. அதன்படி 8ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் ஊசி 3.25 மில்லிமீட்டர்; எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்க எண்முறை இதற்கு நேர் எதிரானது, அதில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து 8ஆம் எண் ஊசியைக் கடையில் கேட்டு வாங்கி, துணி ஏன் இத்தனை சிறியதாக வருகிறது என்று குழம்புவதற்கு இதுவே காரணம். மில்லிமீட்டர் அளவை மட்டும் நம்புங்கள்.

எதைத் திருத்த வேண்டும், எதை விட்டுவிடலாம்

மேலே உள்ள கண்ணி விட்டால் கீழே உள்ளதும் விடும் என்று பார்த்தோம். ஆகவே நழுவிய கண்ணியைக் கட்டாயம் திருத்த வேண்டும். விட்டுவைத்தால் என்றாவது ஒருநாள் துணி அங்கே ஏணியாகப் பிரியும். நூல் அறுந்த இடமும், உருண்டை மாற்றும்போது அவசரமாக இட்ட முடிச்சு அவிழ்ந்துவரும் இடமும் இதே வகையைச் சேர்ந்தவை.

மற்றவை பெரும்பாலும் கண்ணுக்கு உறுத்துபவையே. ஓரிடத்தில் கண்ணி முறுக்கிக்கொண்டு நிற்கலாம். ஊசிமுனை நூலின் புரிகளைப் பிரித்து, பாதி இழை வெளியே வளையமாகத் துருத்தலாம். ஒரு வரிசை மட்டும் நிட்டுக்குப் பதில் பர்ல் ஆகிவிட்டதால் மேடுகளின் ஒழுங்கு குலைந்திருக்கலாம். இறுக்கம் சீராக இல்லாமல் போயிருக்கலாம். இவற்றால் துணி பிரியாது. பத்துப் பதினைந்து வரிசைக்குக் கீழே இருக்கும் இத்தகைய குறைக்காக இறங்கிப் போவதில் பயனில்லை என்பது என் கருத்து. ஒரு குறை இப்போது பின்னிக்கொண்டிருக்கும் வரிசையிலோ அதற்கு முந்தைய வரிசையிலோ கண்ணில் பட்டால் மட்டும், ஒவ்வொரு கண்ணியாகப் பின்வாங்கித் திருத்துங்கள்.

கண்ணி ஏன் முறுக்கிக்கொள்கிறது என்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தொடர்ந்து நடக்கக்கூடியது. ஊசிமேல் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு கண்ணியும் குதிரைமேல் ஏறியவரைப்போல ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் போட்டிருக்கும். வழக்கமான பின்னலில் வலக்கால் முன்னால் இருக்க வேண்டும். நூலை ஊசிமேல் தவறான திசையில் சுற்றினால் கால் மாறி அமரும். அதை வழக்கம்போல் முன்னிருந்து பின்னினால் கண்ணி முறுக்கிக்கொள்ளும். கால் மாறி நிற்பதைப் பார்த்தால் அந்தக் கண்ணியை மட்டும் பின்பக்கத்துக் கால் வழியாகப் பின்னிவிடுங்கள், நேராகிவிடும்.

நழுவிய கண்ணியை ஏற்றுதல்

இதற்கு முனையில் கொக்கியுள்ள ஒரு குரோஷா ஊசி வேண்டும், 3 அல்லது 3.5 மில்லிமீட்டர் அளவு பொருத்தமாக இருக்கும். நழுவிய இடத்தைக் கூர்ந்து பாருங்கள். அடியில் ஒரு வளையம் தனியாக நிற்கும். அதற்கு மேல் ஊசிவரை, ஏணிப்படிகளைப்போலக் குறுக்கு நூல்கள் கிடக்கும். ஒரு படி ஒரு வரிசைக்குச் சமம். ஒவ்வொரு படியையும் வளையத்துக்குள் இழுத்து, புதிய வளையமாக்கி, மேலே ஏறிக்கொண்டே வர வேண்டும்.

கார்ட்டர் பின்னலில் ஒரு படியை ஒரு பக்கமாகவும் அடுத்த படியை மறுபக்கமாகவும் இழுக்க வேண்டும் என்பதால், எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்பதில்தான் புதியவர்கள் திணறுவார்கள். எனக்குப் பயன்பட்ட ஒரே ஒரு விதி இது. தனியாக நிற்கும் வளையத்தின் கழுத்தைப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் அதன் கழுத்தை ஒட்டி ஒரு மேடு தெரிகிறதோ, அந்தப் பக்கத்தை உங்களை நோக்கித் திருப்புங்கள். குறுக்கு நூல் வளையத்துக்குப் பின்னால் இருக்கட்டும். குரோஷா ஊசியை முன்னிருந்து வளையத்துக்குள் நுழைத்து, பின்னாலுள்ள முதல் படியைக் கொக்கியில் மாட்டி முன்னுக்கு இழுங்கள். இப்போது புதிய வளையத்தின் கழுத்து உங்கள் பக்கம் வழவழப்பாக இருக்கும், மேடு மறுபக்கம் போயிருக்கும். ஆகவே துணியைத் திருப்புங்கள். மறுபடி மேடு உங்களைப் பார்க்கும். அதே வேலையைச் செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு திருப்பு. கடைசிப் படியும் முடிந்ததும் வளையத்தை, வலக்கால் முன்னால் இருக்கும்படி இடப்புற ஊசியில் ஏற்றிவிடுங்கள். முதல் முறை செய்யும்போது ஆறு படி ஏற எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

வேறொரு நிலையும் உண்டு. கண்ணி 30, 40 வரிசைக்கு முன்பே நழுவி, அதைக் கவனிக்காமல் ஒரு கண்ணி குறைந்தபடியே மேலே பின்னிக்கொண்டு போயிருப்பீர்கள். அங்கே படிகள் தளர்வாக இருக்காது. இரு பக்கத்துக் கண்ணிகளும் நெருங்கி, நூலுக்கு இடமே இருக்காது. வலிந்து ஏற்றினால் துணி சுருங்கும். அப்படிப்பட்ட இடத்தில் அதே நிற நூலில் 20 சென்டிமீட்டர் வெட்டி, கம்பளி தைக்கும் ஊசியில் கோத்து, தனியாக நிற்கும் வளையத்துக்குள் விட்டுப் பின்பக்கத்தில் கட்டி, இரு முனைகளையும் துணிக்குள் செருகிவிடுங்கள். பார்வைக்கு ஒரு சிறு புள்ளி மிஞ்சும், ஆனால் துணி பிரியாது.

கூடிப்போன கண்ணிகள்

36 எப்படி 43 ஆனது என்பதை நான் ஊசியையும் நூலையும் கையில் வைத்துக்கொண்டு பலமுறை செய்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரு வரிசை முடிந்து துணியைத் திருப்பியதும், நூல் நமக்கு முன்னால் தொங்கும். நிட் பின்ன நூல் பின்னால் இருக்க வேண்டும் என்பதால், அதை ஊசியின் மேலாகத் தூக்கிப் பின்னுக்கு இழுக்கிறோம். அந்த இழுப்பில் விளிம்பிலுள்ள முதல் கண்ணி மேலே தூக்கப்பட்டு, அதன் இரு கால்களும் ஊசிமேல் இரண்டு தனிக் கண்ணிகளைப்போலக் காட்சியளிக்கின்றன. நாமும் இரண்டையும் பின்னிவிடுகிறோம். வரிசைக்கு ஒரு கண்ணி இப்படிச் சத்தமில்லாமல் கூடுகிறது. நூலை எப்போதும் ஊசியின் அடியாகவே பின்னுக்குக் கொண்டுபோங்கள். இந்தக் குறை அன்றே நின்றுவிடும்.

விளிம்பில் இல்லாமல் துணியின் நடுவில் கண்ணி கூடியிருந்தால், அங்கே ஓர் ஓட்டையும் இருக்கும். நூல் தவறுதலாக முன்பக்கம் வந்து, ஊசிமேல் ஒரு சுற்றாக விழுந்து, அடுத்த வரிசையில் அதையும் ஒரு கண்ணி என்று பின்னியிருப்பீர்கள். லேஸ் பின்னலில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். ஓட்டை உறுத்தினால், துணி முழுதும் முடிந்தபின் அதே நூலைக் கம்பளி ஊசியில் கோத்து, பின்பக்கத்தில் ஓட்டையைச் சுற்றியுள்ள மேடுகளின் வழியே ஒரு வட்டம் ஓட்டி, மெல்ல இழுத்து அடைத்துவிடலாம்.

கூடியதைக் குறைப்பதற்கு இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் போதும். ஆனால் ஏழு கண்ணிகளையும் ஒரே வரிசையில் குறைத்துவிடாதீர்கள். துணி அங்கே குடம்போல் சுருங்கும். பத்து வரிசைக்கு ஒன்று வீதம், ஒருமுறை வலது விளிம்பிலும் அடுத்த முறை இடது விளிம்பிலுமாக, விளிம்புக் கண்ணியை விட்டுவிட்டு அடுத்துள்ள இரண்டையும் சேர்த்துப் பின்னுங்கள். ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நீளத்துக்குள் 43 மெல்ல 36 ஆகிவிடும். கழுத்தில் சுற்றும்போது மஃப்ளர் மடிந்துவிடுவதால், நடுப்பகுதி சற்று அகன்றிருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

மீதியைப் பின்னுதல்

இந்தப் பகுதியில் சொல்வதற்கு அதிகம் இல்லை, செய்வதற்குத்தான் அதிகம். பத்து வரிசைக்கு ஒருமுறை கண்ணிகளை எண்ணி, எண்ணிய இடத்தில் ஓர் ஊக்கைக் குத்திவிடுங்கள். கார்ட்டர் பின்னலில் ஒரு மேட்டுக்கோடு இரண்டு வரிசை என்பதால், ஐந்து மேடுகளுக்கு ஓர் ஊக்கு.

புதிய உருண்டையை வரிசையின் தொடக்கத்தில் சேருங்கள். நடுவில் முடிச்சுப் போட்டால் அது என்றாவது முன்பக்கம் எட்டிப் பார்க்கும். பழைய நூலிலும் புதிய நூலிலும் 15 சென்டிமீட்டர் முனை விட்டுவைக்க வேண்டும். உருண்டையின் தாளில் நிற எண்ணோடு லாட் எண்ணும் அச்சிட்டிருப்பார்கள். ஒரே சாயத் தொட்டியில் ஒன்றாகத் தோய்த்த நூலுக்கு ஒரே லாட் எண். ஐந்து மாதம் கழித்து அதே நிறத்தை வாங்கும்போது லாட் மாறியிருக்கலாம், சாயமும் ஒரு சாயல் மாறியிருக்கலாம். அப்போது பழைய உருண்டையில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாறி மாறி 20 வரிசை பின்னினால், நிறம் மாறும் கோடு தெரியாமல் கலந்துவிடும்.

கண்ணி அடைத்தல்

நூல் போதுமா என்ற கேள்வி முதலில் வரும். மீதி நூலை இரண்டாக மடித்து, நடுப்புள்ளியில் ஒரு சுருக்கு முடிச்சு இட்டுவிட்டு, ஒரு வரிசை பின்னுங்கள். முடிச்சு வரும் முன்பே வரிசை முடிந்தால், இன்னொரு வரிசைக்கும் நூல் இருக்கிறது என்று பொருள். கண்ணி அடைக்கும் வரிசைக்கு எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே நூல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கண்ணி பின்னி, வலப்புற ஊசியில் முதலில் வந்ததை இரண்டாவதன் தலைக்கு மேலாகத் தூக்கி வெளியே விட வேண்டும், ஒன்று மிஞ்சும். இன்னொன்று பின்னி, மறுபடி தூக்கி விட வேண்டும். வரிசை முழுதும் இதேதான். செயல் எளிது; புதியவர்கள் தவறுவது இறுக்கத்தில். முடிக்கப்போகிறோம் என்ற ஆவலில் கை நூலை இழுத்துப் பிடிக்கும். விளிம்பு சுருங்கி, துணியின் முனை வளைந்துகொள்ளும். அதைத் தவிர்க்க, வலக்கையில் மட்டும் பெரிய ஊசியைப் பிடியுங்கள். 8ஆம் எண்ணில் பின்னியிருந்தால் 6ஆம் எண், அதாவது 5 மில்லிமீட்டர் ஊசி. ஐந்தாறு கண்ணிக்கு ஒருமுறை நிறுத்தி, அடைத்த விளிம்பை இழுத்துப் பாருங்கள். கீழே உள்ள துணி எவ்வளவு நீளுகிறதோ விளிம்பும் அவ்வளவு நீள வேண்டும். கடைசிக் கண்ணி மட்டும் மிஞ்சியதும் நூலை 20 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, அந்த முனை முழுதும் வெளியே வரும்வரை கண்ணியை மேலே இழுங்கள்.

விளிம்பு இறுகிப்போனால் தயங்காமல் அந்த ஒரு வரிசையை மட்டும் பிரித்து மறுபடி அடையுங்கள். இந்த ஓரிடத்தில் பிரிப்பதை நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். 36 கண்ணிதான், பத்து நிமிட வேலை.

நூல்முனைகள்

மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள கம்பளி ஊசியில் ஒவ்வொரு முனையையும் கோத்து, மேடுகளின் வளைவைப் பின்பற்றி ஐந்து சென்டிமீட்டர் ஓட்டி, திரும்பி எதிர்த்திசையில் மூன்று சென்டிமீட்டர் ஓட்டுங்கள். ஒரே திசையில் ஓட்டிய முனை, துணி இழுபடும்போது உருவிக்கொண்டு வந்துவிடும். அக்ரிலிக் நூல் வழுக்கும் தன்மையுடையது என்பதால் அதற்கு இன்னும் ஒரு திருப்பம் கூடுதலாகக் கொடுக்கலாம். முனையை இப்போதே ஒட்ட வெட்டாதீர்கள். துணியை நனைத்து உலர்த்தியபின் வெட்டினால் போதும், ஏனென்றால் நனையும்போது கண்ணிகள் இடம் மாறி அமரும்.

நனைத்து வடிவம் கொடுத்தல்

உங்கள் நூல் கம்பளியா அக்ரிலிக்கா என்பதை இங்கே உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மூரில் உல்லன் என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். தாளைத் தொலைத்துவிட்டால், ஒரு விரற்கடை நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டின்மேல் கொளுத்திப் பாருங்கள். கம்பளி, தலைமுடி கருகும் வாடையோடு எரிந்து, தீயை விலக்கியதும் தானே அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான கருமணியாகிவிடும்.

கம்பளியாக இருந்தால், பச்சைத் தண்ணீரில் சில துளி ஷாம்பு கலந்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். தேய்க்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது. கம்பளி இழையின் மேற்பரப்பில் செதில்கள் உண்டு. சூடும் உராய்வும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும், அதைத் திரும்பப் பெற முடியாது. ஊறியதை இரு கைகளிலும் ஏந்தி எடுத்து, ஒரு டவலில் வைத்துப் பாய்போல் சுருட்டி, மேலே அழுத்தி நீரை எடுங்கள். கொடியில் போடாதீர்கள், நீரின் கனம் துணியை இழுத்து நீட்டிவிடும். நிழலில் இன்னொரு டவலை விரித்து, அதன்மேல் மஃப்ளரைக் கிடத்தி, இன்ச் டேப்பை வைத்துக்கொண்டு, அகன்ற இடத்தை உள்ளே தள்ளியும் குறுகிய இடத்தை வெளியே இழுத்தும் ஓரங்களைத் துருப்பிடிக்காத குண்டூசியால் குத்துங்கள். உலரும்வரை அப்படியே இருக்கட்டும். சீரற்ற இறுக்கத்தில் ஒரு பகுதி இந்த ஒரு குளியலிலேயே சமனாகிவிடும். என் மஃப்ளரின் விறைத்த அடிப்பகுதி தளர்ந்து மென்மையானதைத் தொட்டுப் பார்த்த அந்த மாலை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

அக்ரிலிக் தண்ணீரில் நனைவதால் மட்டும் இப்படிப் பணியாது. உலர்ந்த துணியைக் குண்டூசியால் குத்திவைத்து, நீராவி இஸ்திரிப் பெட்டியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்திலேயே பிடித்து, ஆவியை மட்டும் சிறிது நேரம் காட்டலாம். பெட்டி துணியைத் தொட்டுவிட்டாலோ ஆவி மிகுந்துவிட்டாலோ இழையின் துள்ளல் போய், துணி வதங்கிய வாழையிலைபோல் துவண்டுவிடும். ஆகவே மீதி நூலில் பத்துக் கண்ணிக்கு ஒரு சிறு துண்டு பின்னி, அதில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

முடித்த துணியைப் படித்தல்

உலர்ந்த மஃப்ளரைத் தொடக்க விளிம்பு கீழே இருக்கும்படி நீளவாட்டில் விரித்து, கீழிருந்து மேலாக விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். உங்கள் கை பழகிய வரலாறு வரிசை வரிசையாக அதில் பதிந்திருக்கும். நோட்டில் மூன்று பத்தி போட்டு, எந்த மேட்டில் என்ன குறை, எதனால் நேர்ந்தது, எப்போதிலிருந்து அது நின்றது என்று எழுதுங்கள். என் நோட்டில், முதல் 40 மேடுகளுக்கு விறைப்பு. காரணம், ஒவ்வொரு கண்ணியையும் ஊசிமுனையின் கூம்பிலேயே இறுக்கியது. கண்ணியை ஊசியின் தண்டுப்பகுதிவரை ஏற்றி முடிக்க வேண்டும், ஏனென்றால் தண்டின் சுற்றளவே கண்ணியின் அளவைத் தீர்மானிக்கிறது. 60ஆவது மேட்டிலிருந்து 90வரை மிகுந்த தளர்வு. அந்த நாட்களில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பின்னினேன். 140ஆவது மேட்டுக்கு மேல் புதிய குறை எதுவும் இல்லை. ஐந்து மாத இடைவெளிக்குப் பின் தொடங்கிய இடம் அதுதான்.

அந்த மஃப்ளர் இப்போது ஊட்டியில் இருக்கும் என் பெரியம்மாவிடம் இருக்கிறது. காலையில் பால் வாங்கப் போகும்போது கட்டிக்கொள்கிறார். சமவெளியில் இருப்பவர்களுக்கும் மார்கழிக் காலையில் மஃப்ளர் கட்டும் தாத்தா ஒருவர் வீட்டில் இருக்கக்கூடும். கழுத்தில் கட்டும் அளவுக்கு வரவில்லையென்றால், இரண்டாக மடித்து இரு ஓரங்களையும் தைத்தால் ஒரு சிறு பை கிடைக்கும்.

அடுத்ததாக என்ன பின்னுவது என்று கேட்பவர்களுக்கு, அதே நூலில், அதே ஊசியில், அதே 36 கண்ணியில் இன்னொரு மஃப்ளர் பின்னச் சொல்வேன். நூலும் ஊசியும் மாறாதபோதுதான், மாறியது கை மட்டுமே என்பது தெளிவாகத் தெரியும். என் இரண்டாவது மஃப்ளரில் 112ஆவது வரிசையில் நூல் முன்னுக்கு வந்து ஒரு கண்ணி கூடியது. 120ஆவது வரிசையில் எண்ணியபோது 37 இருந்தது. 110ஆவது வரிசையில் குத்தியிருந்த ஊக்குக்கு மேலேதான் தேட வேண்டும் என்று தெரிந்திருந்ததால், சிறு ஓட்டையை உடனே கண்டுகொண்டேன். அந்தப் பத்து வரிசையை மட்டும் பிரித்து, கண்ணிகளை ஊசியில் ஏற்றி, எண்ணிப் பார்த்தேன். 36 இருந்தது.